சிரிக்க வெக்காதீங்க

போன ஐப்பசியில் என் மனைவி மயிலாத்தாள் தூக்கத்திலேயே போய்விட்டாள். இருதயம் என்றார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் அவளுடைய கும்மியைப் பற்றித்தான் பேசினார்கள். நான் அவளுடைய சிரிப்பைப் பற்றி எழுத நினைத்தேன். எழுத உட்கார்ந்தால் கும்மியும் கூடவே வருகிறது.

எங்கள் ஊர் வடகரப்பதிப் பக்கம், மலையாள எல்லைக்குள் இருக்கிற தமிழ் ஊர். தென்னையும் கடலைக்காயும் போட்டுப் பிழைக்கிறோம். மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்குக் கோயில் முன்னால் பெண்கள் வட்டமாக நின்று கும்மி அடிப்பார்கள். பாட்டை எடுத்துக் கொடுப்பது மயிலா. அவள் ஒரு அடி பாட, மற்றவர்கள் அதைத் திருப்பிப் பாடி, கை தட்டி, குனிந்து நிமிர்ந்து, ஒரு குதி குதித்துத் திரும்புவார்கள். அறுபது வயதைத் தாண்டியும் அந்தக் குதியில் அவளை யாரும் முந்தியதில்லை. அப்படிப்பட்டவள் ஒரு நோம்பிக்கு, "இந்த வருசம் நான் ஆடலீங்க, முட்டி நோவுது" என்று சொல்லிக் கூட்டத்தோடு கூட்டமாக ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள். மற்றவர்கள் ஆடும்போது அவளுடைய கை மட்டும் மடியில் தாளம் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

அந்த முட்டி வலி எனக்குப் புரியவே இல்லை. அதே முட்டியோடு தோப்பில் குனிந்து தேங்காய் பொறுக்குவாள். மாட்டுக்கு அடியில் குந்திப் பால் கறப்பாள். தைலம் வாங்கி வந்து கொடுத்தேன். அது மாடத்தில் மூடி திறக்காமல் இருந்தது.

புரியாத காரியம் இன்னும் சில உண்டு. என்னுடைய பழைய வேட்டிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. துவைத்துத் துவைத்துப் பஞ்சு மாதிரி ஆன வேட்டிகள், வீட்டில் கட்டிக்கொள்ள அவைதான் சுகம்.

"ஏம்புள்ளே, என்ற நீலக்கரை வேட்டி எங்க?"

"மாட்டுக்கு மடி தொடைக்கத் துணி வேண்டாமா?"

"நம்ம மாட்டுக்கு எத்தன மடி இருக்குது?"

"சிரிக்க வெக்காதீங்க," என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விடுவாள்.

இந்தச் சொல்லைத்தான் அவள் அந்த நாட்களில் அடிக்கடி சொன்னாள். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு ஏதாவது சொல்வது என் பழக்கம். கல்யாணமான புதிதில் அதற்காகவே என்னைப் பிடித்தது என்பாள். இப்போது நான் வாயைத் திறந்தாலே, "சிரிக்க வெக்காதீங்க" என்று வாயைப் பொத்திக்கொண்டு, கால் இரண்டையும் ஒட்டி வைத்துக்கொண்டு நிற்பாள். வயதானால் மனிதருக்கு நகைச்சுவை கசந்துபோகும் போல என்று நினைத்துக்கொண்டேன்.

மகள் செல்வப்பிரியாவைப் பொள்ளாச்சியில் கொடுத்திருக்கிறோம். மாதம் ஒரு முறை அவளைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்த மயிலா, போவதையும் குறைத்தாள். போகிற நாளில் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. காப்பி வேண்டாம், மோர் வேண்டாம். மஞ்சப்பைக்குள் மாற்றுப் பாவாடை ஒன்று இருக்கும். எல்லையில் கோபாலபுரம் செக்போஸ்டில் வண்டிகள் வரிசை கட்டி நின்றால் அவள் முகம் வெளிறிப்போகும்.

தை மாதத்தில் அப்படிப் போகக் கிளம்பிய ஒரு நாள்தான் கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டில் தலை சுற்றி என் தோளில் சாய்ந்தாள். ஆட்டோ வைத்து எங்கள் ஊர் சுகாதார சப் சென்டருக்கே திரும்பக் கூட்டி வந்தேன். அங்கே புதிதாக வந்திருந்த நர்ஸ் ஜிஸ்மி. இடுக்கியில் பூப்பாறைப் பக்கத்துப் பெண். மலையாளி என்றாலும் ஏலக்காய்த் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்ததால், எங்கள் ஊருக்குப் பழக்கமில்லாத தெற்கத்தித் தமிழ் பேசுவாள்.

"நாக்கு வறண்டு கிடக்கு. காலையில இருந்து என்னம்மா குடிச்சீக?"

மயிலா சுவரைப் பார்த்தாள்.

"ஒண்ணும் குடிக்கலையா? ஏன் குடிக்க மாட்டேங்கிறீக?"

மயிலா என்னைப் பார்த்தாள். ஜிஸ்மியும் என்னைப் பார்த்தாள். "ஐயா, நீங்க சித்த வெளிய இருங்க," என்றாள். நான் வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றேன். உள்ளே நெடுநேரம் மெதுவான பேச்சு. பிறகு மூக்கு உறிஞ்சும் சத்தம். என்னவோ பெரிய வியாதி என்று நினைத்துக்கொண்டு மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

வீட்டுக்கு வந்து, ஒரு சொம்புத் தண்ணீரை முழுவதும் குடித்து வைத்துவிட்டு அவள் சொன்னாள்.

"ஏனுங்க, உங்க வேட்டியெல்லாம் நாந்தான் கிழிச்சேன்."

"தெரியும். மாட்டுக்கு."

"மாட்டுக்கில்லீங்க. எனக்கு."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். இருமினால், தும்மினால், பாரம் தூக்கினால், குதித்தால், சிரித்தால் அவளை மீறிக் கொஞ்சம் சிறுநீர் போய்விடுகிறது. நாலைந்து வருஷமாக. சூடு என்று நினைத்து வெந்தயம் ஊறவைத்துத் தின்றிருக்கிறாள், தலைக்கு எண்ணெய் வைத்திருக்கிறாள். ஒரு வருஷம் கும்மியின் நடுவில், குதித்துத் திரும்பும்போது பாவாடை நனைந்துவிட்டது. கோயில் வாசல். ஈரத்தோடு அம்மன் முன்னால் நின்றுவிட்டோமே என்று அன்றைக்கு அவள் ஒரு பாட்டை முழுசாக விழுங்கியிருக்கிறாள். அதற்குப் பிறகுதான் முட்டி வலி வந்தது.

பெட்டியைத் திறந்து பொங்கலுக்கு எடுத்த புது வேட்டியைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தேன்.

அவள் அதைத் தடவிப் பார்த்தாள். "இது பாலிஸ்டர் கலந்ததுங்க. உறிஞ்சாது."

"செரி. அடுத்த பொங்கலுக்கு உன்னையக் கேட்டே எடுக்கறேன்."

"சிரிக்க வெக்காதீங்க," என்றாள். சொல்லும்போதே அழுதாள். அந்தச் சொல்லுக்கு அன்றைக்குத்தான் எனக்கு அர்த்தம் தெரிந்தது.

"அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு?"

"இது சூடுமில்ல, வயசான குத்தமுமில்லைன்னு சொன்னா. சரி பண்ணலாமாம். மூணு மாசமாவது ஆகுமாம். நான் ஒண்ணுதான் கேட்டேன், நோம்பிக்கு ஆட முடியுமான்னு."

"அதுக்கு?"

"மொதல்ல சனிக்கிழம கிளாசுக்கு வாங்க, மத்தத அப்பறம் பேசுவோம்னா."

அந்தக் கிளாஸ் அங்கன்வாடியில் நடந்தது. ஆண்களுக்கு அங்கே வேலையில்லை. வீட்டுக்கு வந்து மயிலா ஒவ்வொருத்தி மாதிரியும் நடித்துக் காட்டியதைத்தான் எழுதுகிறேன். எங்கள் வார்டு ஆஷா சுகாதாரப் பணியாளர் பிரதீபா வீடு வீடாகப் போய், "பிரஷர் பாக்கறாங்க, வாங்க" என்று மட்டும் சொல்லி ஆள் சேர்த்திருந்தாள். உள்ளதைச் சொல்லியிருந்தால் ஒருத்தியும் படியேறியிருக்க மாட்டாள். பெரிய பெரிய பெண்கள் பிள்ளைகளின் குட்டை நாற்காலிகளில் உட்கார்ந்திருக்க, பிரஷர் பார்த்து முடித்ததும் ஜிஸ்மி கதவைச் சாத்தினாள்.

"இருமும்போது, சிரிக்கும்போது, ஆருக்காவது ரெண்டு சொட்டுப் போகுதா? இல்ல, அவசரமா வந்து, கக்கூசுக்குப் போறதுக்குள்ள போயிருதா?"

எல்லோரும் பிரஷர் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் மெதுவாக, "எனக்கில்லீங்க, பொள்ளாச்சில என்ற நங்கைக்கு அப்பிடித்தான்," என்றாள். நங்கை என்றால் நாத்தனார். உடனே இன்னொருத்தி, "எங்க சம்மந்தியம்மாளுக்கும். அவங்களும் பொள்ளாச்சிதான்." தென்னந்தோப்பும் அரிசி மில்லும் வைத்திருக்கிற வள்ளியாத்தாள், "எங்கூட்டுல முன்ன வேலைக்கு வந்தவளுக்கு இருந்துது. இப்ப பொள்ளாச்சிக்குப் போயிட்டா," என்றாள்.

ஜிஸ்மி தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். "அப்ப இந்த ஊர்ல ஆருக்கும் ஒண்ணுமில்ல. எல்லாம் பொள்ளாச்சியிலதான். நான் பஸ் ஏறி அங்கிட்டே போயிரட்டுமா?"

அப்போது மயிலா குட்டை நாற்காலியிலிருந்து எழுந்திருக்கிறாள். நாற்காலியும் அவளோடு ஒட்டிக்கொண்டு எழுந்ததாம். "பொள்ளாச்சிக்கெல்லாம் போக வேண்டாம் கண்ணு. நான் இங்கயேதான் இருக்கறேன். எனக்குத்தான் போகுது."

வள்ளியாத்தாள் திரும்பிப் பார்த்தாள். "அப்ப அந்த முட்டி வலி?"

"முட்டிக்கு என்னங்கக்கா, அது உரலாட்ட இருக்குது."

வள்ளியாத்தாள் முந்தானையைச் சரி செய்துகொண்டு, "செரி, எனக்கும் அதே முட்டி வலிதான்னு எழுதிக்குங்க," என்றாள். அதன் பிறகு நங்கைகளும் சம்பந்திகளும் ஒவ்வொருவராகப் பொள்ளாச்சியிலிருந்து திரும்பி வந்துவிட்டார்கள்.

ஜிஸ்மி அவர்களுக்குச் சுருக்குப்பையைக் காட்டி விளக்கினாள். பிள்ளை பெற்றதாலும், பாரம் சுமந்ததாலும், மாதவிலக்கு நின்றதாலும் பையின் வாய்க்கயிறு தளர்ந்துபோகிறது. கயிறு என்று அவள் சொன்னது அடியில் இருக்கிற தசையை. அதை இறுக்கிப் பழக்கலாம். சிறுநீரை அடக்குகிற மாதிரி, காற்றை அடக்குகிற மாதிரி உள்ளே இழுத்துப் பிடித்து விட வேண்டும். வயிற்றையும் தொடையையும் இறுக்கக் கூடாது, மூச்சை அடக்கக் கூடாது. தண்ணீர் குடிக்காமல் இருந்தால் சிறுநீர் தடித்து இன்னும் எரிச்சலும் அவசரமும்தான் வரும். காப்பி, டீயைக் குறைக்க வேண்டும். மலச்சிக்கல் ஆகவிடக் கூடாது. எரிச்சல், காய்ச்சல், ரத்தம் என்றால் கை வைத்தியம் பார்க்காமல் டாக்டரிடம் வர வேண்டும். அவசரமாக வருகிறவர்களுக்கு வேறு பழக்கம் சொல்லித் தருவேன், தனியாக வாருங்கள் என்றாள்.

மயிலா அன்றைக்கே ஆரம்பித்துவிட்டாள். பூண்டு உரிக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, டிவி பார்க்கும்போது. அவள் முகம் ஒரு மாதிரி கூர்ந்து போனால் நான் பேச மாட்டேன். பக்கத்துப் பெண்களுக்கும் அவள்தான் வாத்தியார். சாயங்காலம் மாட்டுக்கொட்டாய்ப் பக்கம் நாலைந்து பேர் கூடுவார்கள். நான் அந்த வழியாக வந்தால், "அண்ணா, அக்கட்டால போங்க," என்று துரத்துவார்கள்.

மாசி பாதி போய்விட்டது. ஒரு மாற்றமும் இல்லை. தும்மினால் பழைய கதைதான். மயிலா சோர்ந்து போனாள். கும்மிப் பயிற்சி வேறு தொடங்கிவிட்டது. வேறொரு பெண் பாட்டு எடுத்துக் கொடுக்கிற சத்தம் கோயிலிலிருந்து காற்றில் வரும். "அங்க பாருங்க, மூணாவது அடிய முழுங்கிப்போட்டா," என்பாள். பிறகு, "எனக்கென்ன, ஆடறவ ஆடிக்கட்டும்," என்று பாத்திரத்தைச் சத்தமாகக் கழுவுவாள்.

அந்த வாரம் ஜிஸ்மி வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். மயிலா அவளுக்கு மோர் கொடுத்துவிட்டு நேராகவே கேட்டாள். "ஏங்கண்ணு, பொய் சொல்லிப்போட்டயா?"

"என்னம்மா இப்பிடிச் சொல்லுறீக? எப்பிடிச் செய்யுறீகன்னு எனக்குச் சொல்லிக் காட்டுங்க."

நான் எழுந்திருக்கப் போனேன். "நீங்க உக்காருங்க, இனி உங்களுக்கு என்ன ஒளிவு," என்றாள் மயிலா. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு பிடிப்புக்கும் ஒரு கை தட்டிக் காட்டினாள்.

கும்மித் தாளம். அதுவும் கடைசிப் பாட்டுக்கு வருகிற வேகம். தட்டு, தட்டு, தட்டு, திரும்பு. ஜிஸ்மி மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

"அம்மா, நிறுத்துங்க. எல்லாருக்கும் இப்பிடியேதான் சொல்லிக் குடுத்தீகளா?"

"ஆமா கண்ணு. எண்ணிக்கை தப்பக் கூடாதுன்னு தாளத்துல வெச்சுக்கிட்டோம். வள்ளியாத்தாக்கா என்னையவிட வேகம்."

ஜிஸ்மி சிரித்தாள் என்றால், நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "வெடுக்கு வெடுக்குன்னு செய்யுறதும் ஒண்ணு உண்டு, தும்மல் வரும்போது உதவும். ஆனா முதல்ல இது மெதுவாச் செய்யணும். இழுத்துப் பிடிச்சு, அப்பிடியே நிக்கணும். அஞ்சு எண்ணுற வரைக்கும். அப்பறம் முழுசா விட்டு, அதே அளவுக்கு இளைப்பாறணும். பிடிக்கிறது எவ்வளவு முக்கியமோ, விடுறதும் அவ்வளவு முக்கியம். நீங்க விடவே இல்லையே."

"எண்ணுனா எனக்கு மறந்து போகுது கண்ணு. பாட்டுன்னாத்தான் நிக்கும்."

"அப்ப மெதுவான பாட்டு ஏதாவது வச்சிருக்கீகளா?"

மயிலா யோசித்தாள். கும்மி தொடங்கும் முன் கை தட்டாமல் நின்றபடி பிள்ளையாருக்கு ஒரு காப்புப் பாட்டு பாடுவார்கள். ஒவ்வொரு அடியையும் இழுத்து இழுத்துப் பாடுவது. ஆடத் துடிக்கிற இளம்பெண்களுக்கு அதுதான் பொறுமையைச் சோதிக்கிற பாட்டு. அவள் அதை முனகிப் பார்த்தாள். ஜிஸ்மி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினாள்.

"ஒரு அடிக்குப் பிடிங்க. அடுத்த அடிக்கு விடுங்க. இதுதான். இதேதான்."

அப்புறம் எங்கள் ஊரில் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். பால் சொசைட்டி வரிசையில் காப்புப் பாட்டு. ரேஷன் கடையில் காப்புப் பாட்டு. பொள்ளாச்சி பஸ்ஸில் முன்பக்கம் நான்கு பெண்கள் சேர்ந்து உட்கார்ந்தால் தேன்கூடு மாதிரி ஒரு முனகல். வள்ளியாத்தாளின் அரிசி மில்லுக்குப் போனால், கல்லாவில் உட்கார்ந்து அவள் பிள்ளையாரை முனகிக்கொண்டே சில்லறை கொடுப்பாள். விடுகிற அடியில்தான் சில்லறை வரும், அதுவரை நிற்க வேண்டும்.

எங்கள் கோயில் பூசாரி பெரியமுத்து ஒரு நாள் என்னைப் பிடித்துக்கொண்டார். "அப்புசாமி, கவனிச்சயா? இந்த வருசம் பொம்பளைகளுக்கெல்லாம் பிள்ளையார் மேல பக்தி முத்திப்போச்சு. அம்மன் நோம்பி நெருங்கறப்ப மகன நெனைக்கறாங்க பாரு. நல்ல மழ பெய்யும்."

"ஆமாங்க," என்றேன். "எங்கூட்டுலயும் நாள் முழுக்க அதேதான்."

பங்குனி முடியும்போது மாற்றம் தெரிந்தது. ஒரு காலை மிளகாய் வறுத்த நெடியில் மயிலா அடுத்தடுத்துத் தும்மினாள். நான் பதற்றத்தோடு அவளைப் பார்த்தேன். அவள் புடவையைப் பின்னால் தொட்டுப் பார்த்துவிட்டு, கரண்டியை ஓங்கி, "காஞ்சிருக்குது," என்றாள். அன்று சாயங்காலமே கும்மிப் பயிற்சிக்குப் போய், பாட்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த பெண்ணைத் தள்ளி நிற்கச் சொன்னாளாம்.

ஆனாலும் முழுசாகச் சரியாகவில்லை. குதிக்கிற அடியில் இன்னும் பயம் இருந்தது. ஜிஸ்மியிடம் கேட்டாள். "உள்ள உறிஞ்சுற பேட் ஒண்ணு வச்சுக்கிட்டு ஆடுங்கம்மா. கண்ணாடி போட்டுக்கிட்டுப் படிக்கிற மாதிரிதான். அதுல என்ன வெக்கம்?" என்றாள் அவள்.

அதை வாங்கப் போனது நான். கொழிஞ்சாம்பாறையில் பினுவின் மெடிக்கல் கடையில் ஆட்கள் போகும்வரை நின்று, இருமல் மாத்திரை கேட்டு, பிறகு அதைக் கேட்டேன். பினு செய்தித்தாளில் சுற்றிக்கொண்டே குனிந்து, "யாருக்குண்ணா?" என்றான்.

"ஊட்டுக்காரிக்கு."

"உள்ளதச் சொல்ற மொத ஆளு நீங்கதான். உங்க ஊர்லருந்து வர்றவங்க எல்லாரும் பொள்ளாச்சில இருக்கற சொந்தக்காரங்களுக்குன்னுதான் வாங்கறாங்க."

நோம்பி சித்திரைக் கடைசியில் வந்தது. அந்த வருஷம் கும்மியில் ஒரு புதுப் பழக்கம் வைத்தாள் மயிலா. முன்பெல்லாம் தொடங்கினால் முடியும்வரை நிறுத்த மாட்டார்கள், அதுதான் பெருமை. இவள், மூன்று பாட்டுக்கு ஒரு முறை நிறுத்தி எல்லோரும் தண்ணீர் குடிக்க வேண்டும், போக வேண்டியவர்கள் போய்விட்டு வர வேண்டும் என்றாள். கமிட்டி ஆட்கள் முணுமுணுத்தார்கள். "ஆட்டம் அறுந்து போகுமே," என்று ஒருவர் சொன்னார். வள்ளியாத்தாள், கோயிலுக்குப் பந்தல் போட்டுக் கொடுத்தவள், "அறுந்தா முடிச்சுப் போட்டுக்கலாம்," என்றாள்.

மைக் முன்னால் மயிலா நின்று காப்புப் பாட்டை எடுத்தாள். பச்சைப் புடவையில் எழுபது பெண்கள் இருக்கும், அதில் பாதிக்கு மேல் நரைத்த தலை. அடிக்கு அடி இழுத்துப் பாடினார்கள். அத்தனை நிதானமாக அந்தப் பாட்டை நான் கேட்டதில்லை. பூசாரி கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். ஓரத்தில் பிரதீபாவோடு நின்றிருந்த ஜிஸ்மி துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள்.

பிறகு கை தட்டு விழுந்தது. மயிலா குனிந்தாள், நிமிர்ந்தாள். குதித்துத் திரும்புகிற அடி வந்தபோது என் கால் தானாக இறுகியது. அவள் குதித்தாள். அடுத்த அடியைப் பிசிறில்லாமல் எடுத்தாள். மறுபடியும் குதித்தாள். மூன்று பாட்டுக்குப் பிறகு தண்ணீர் குடிக்கும்போது கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்து, சொம்பைத் தூக்கிக் காட்டினாள்.

எல்லாம் முடிந்து நடந்து வந்தோம். வாய்க்கால் ஓரமாக அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள்.

"எப்பிடிப் போச்சு?" என்றேன்.

"ரெண்டு தடவ கொஞ்சம் தெரிஞ்சுது. பேட் குடிச்சுக்கிச்சு. ஆருக்குத் தெரியும்?" பிறகு, "மூணாவது அடிய நான் முழுங்கலைல்ல?" என்றாள்.

"முழுங்கல. பூசாரியே அழுதுட்டாரு. பொம்பளைக பக்தியப் பாத்து."

அவள் நின்றாள்.

"இந்த வருசம் மழை பெஞ்சா அதுக்கு நீங்க எழுபது பேருந்தான் காரணமாம். ஆனா அவரு ஒண்ணு சொல்ல மறந்துட்டாரு. நீங்க பாடறதே ஒண்ணும் ஒழுகக் கூடாதுன்னு. அப்பறம் மழ எப்பிடிப் பெய்யும்?"

மயிலாவுக்குச் சிரிப்பு வந்தது. கை வழக்கம்போல வாய்க்குப் போனது. பாதியில் அதைக் கீழே இறக்கிவிட்டு, தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டு, அவள் சிரித்தாள். கல்யாணமான புதிதில் சிரித்த அதே சிரிப்பு. தோளெல்லாம் குலுங்கியது. வாய்க்காலுக்கு அக்கரையில் நாய் ஒன்று எழுந்து குரைத்தது. நான் அவள் சொல்லப் போகிற சொல்லுக்காகக் காத்திருந்தேன்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் கையில் செருப்பைக் கொடுத்துவிட்டு, "இன்னொண்ணு சொல்லுங்க," என்றாள்.